தற்காலிக அம்மன்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், பழைய இரும்புக் கிடங்குக்கும் கார் கழுவும் நிலையத்துக்கும் நடுவே இருந்த அம்மன் கோயிலில், அம்மன் பலகை முப்பத்துமூன்றாவது வருடம் துளிர்த்தது. அக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிப் பூசை முடிந்து கதவு சாத்தியிருந்த நேரம். வெளியே தெருவோர மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. மாலையில் கதவைத் திறந்த சுவாமிநாதக் குருக்கள், பலகையின் ஓரத்தில், அம்மனின் தோளுக்குச் சற்று மேலே இரண்டு இலைகளைக் கண்டார். யாரோ ஒட்டிவைத்தது என்று நினைத்துக் கிள்ளினார். பால் வந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு விளக்கை ஏற்றினார். அன்று பூசைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இலையைக் கவனித்தார்கள். மீதிப்பேர் வழக்கம்போல கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்கள்.

அது அத்திப் பலகை. ஒரு கோயிலைப் பிரித்துக் கட்டும்போது, கல்லில் இருக்கும் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, அத்திப் பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றிச் சிறு கொட்டகையில் வைத்துப் பூசை செய்வார்கள். வேலை முடிந்ததும் சக்தி மறுபடி கல்லுக்குப் போய்விடும். பாலஸ்தாபனம் என்று பெயர். ஒரு வருட ஏற்பாடு, மிஞ்சினால் இரண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில் ஒன்றில் 1990ஆம் ஆண்டு அப்படிச் செய்தார்கள். சுவர் இடுப்பளவு எழும்பியபோது சண்டை வந்தது. கோயிலை நடத்தியவரின் மகன் சஞ்சயன் பலகையைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பெட்டியில் வைத்து, பல நாடுகளைக் கடந்து ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அதிகாரி இது என்ன என்று கேட்டதற்கு, அம்மா என்றார். அதிகாரி குடும்பப் படம் என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பில் ஒரு பிழையும் இல்லை என்று சஞ்சயன் பின்னாளில் சொல்வதுண்டு.

அவருக்குக் கிடைத்தது டுல்டுங். நாட்டில் இருக்க அனுமதி இல்லை, ஆனால் இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் மாட்டோம் என்று பொருள்படும் ஒரு தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை வரிசையில் நின்று அதைப் புதுப்பிக்க வேண்டும். அம்மனும் அப்படித்தான் இருந்தாள். முதலில் அகதி விடுதியின் நிலவறையில். பிறகு ஒரு குடும்பத்தின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். பிறகு முன்னொரு காலத்தில் தையல் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்த இந்தக் கூடத்தில். கூடத்தை ஒரு வருடத்துக்கு என்று எடுத்ததால் எல்லாமே ஒரு வருடத்துக்குத் தாங்கும்படி செய்யப்பட்டன. சுவர் வேண்டிய இடத்தில் திரைச்சீலை. மணி தொங்கியது உடுப்பு மாட்டும் கம்பியில். அம்மனின் பீடம் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியது. பெட்டி நைந்தால் புதுப்பெட்டி வரும். சஞ்சயன் நகரப் பேருந்து ஓட்டுநரானார், ஜெர்மன் குடியுரிமை வாங்கினார், வீடு கட்டினார், தலைமுடியை இழந்தார். அம்மனுக்கு எப்போது கோயில் என்று குருக்கள் வருடந்தோறும் கேட்பார். வாற வருசம், என்பார் சஞ்சயன்.

முகுந்த் அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. சென்னையிலிருந்து எட்டு வருடம் முன்பு வந்த எஞ்சினியர். பொதி கட்டும் இயந்திரங்களை வடிவமைக்கும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மனைவி நிவேதிதாவைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் வரும்வரை காரிலேயே இருப்பான். அவனுக்குச் சாமி மேல் கோபம் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்தில் ஊருக்குப் போகிறவர்கள் இங்கே கோயில் பழக்கம் வைத்துக்கொள்வானேன் என்று எண்ணம். இரண்டு வருடம் என்பதை அவன் எட்டு வருடமாகச் சொல்லிவந்தான். வாங்கிய பொருள் ஒவ்வொன்றின் அட்டைப்பெட்டியையும் நிலவறையில் அடுக்கி, மேலே கறுப்பு மையால் எழுதிவைத்தான்: சென்னை, கண்ணாடி, கவனம். பெட்டியைத் தூக்கிப் போடு முகுந்த், நிலவறையில நிக்க இடமில்ல, என்று நிவேதிதா சொல்வாள். அடுத்த வருஷம் வேணும்ல, என்பான் அவன். சோபா வாங்கவில்லை. சுவரில் ஆணி அடிக்கவில்லை. அவள் ஆசைப்பட்ட எலுமிச்சைச் செடியையும் வாங்கவில்லை, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று.

அந்த வருடம் மார்ச்சில், வேலைக்குப் போகும் ட்ராமில், சன்னலோர இருக்கையில் அமர்ந்தபடி நிவேதிதா இறந்துபோனாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய். வயது முப்பத்தொன்று. தகனம் நடந்தது. இந்த ஊர்ச் சட்டப்படி அஸ்தியை வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். ஒன்று கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும், அல்லது காகிதங்களோடு வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். காவேரியில் கரைக்கலாம், வந்து முறைப்படி எல்லாம் செய்யலாம் என்று அவளுடைய அம்மா வேதவல்லி சென்னையிலிருந்து சொன்னார். அடுத்த மாதம் வருகிறேன் என்றான் முகுந்த். அடுத்த மாதமும் அதையே சொன்னான். அஸ்திக் கலசம் இறுதிச்சடங்கு நிலையத்தின் அலமாரியில் இருந்தது. அதை நடத்திய யூலியா என்ற பெண், கெடு முடியும்போதெல்லாம் அலுவலகத்துக்கு எழுதி இன்னும் சிறிது காலம் வாங்கிக் கொடுத்தாள். அவசரமில்லை ஹெர் முகுந்த், ஆனால் தற்காலிகம்தான், நினைவிருக்கட்டும் என்பாள். அவன் தலையாட்டுவான். அவனுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. பற்பசை தீர்ந்தால் வாங்கினான்.

வெள்ளிக்கிழமைகளில் கார் வழக்கம்போல கோயிலுக்குப் போனது. அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். குளிர் வந்ததும் சஞ்சயன் கார்க் கண்ணாடியைத் தட்டி உள்ளே அழைத்தார். குருக்கள் வாசலில் நிறுத்தி, கிரியை எல்லாம் முடிந்ததா என்று கேட்டார். இல்லை என்றான். குருக்கள் சங்கடப்பட்டார். கிரியை முடியாவிட்டால் துடக்கும், அதாவது சாவுத் தீட்டும், முடியவில்லை. துடக்குள்ளவர் அம்மனுக்கு முன்னால் வரக்கூடாது. ஆனால் வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். ஆகவே அவன் செருப்பு அடுக்கும் இடம் வரைக்கும் வரலாம் என்று முடிவானது. அங்கே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். திரைச்சீலை விலகும்போது அம்மனின் இடது பாதி தெரியும். பூசை முடிந்தால் யாராவது ஒரு காகிதக் கோப்பையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கையில் படாமல் நாற்காலிக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவன் சாப்பிட்டான். அந்த வாரத்தின் சரியான உணவு அதுதான்.

துளிர் விட்ட மறுவாரம் சஞ்சயன் செருப்புக்களுக்கு நடுவே வந்து குந்தினார்.

"தம்பி, நீங்கள் எஞ்சினியர். முப்பது வருசம் காய்ஞ்ச பலகை துளிர்க்குமோ?"

"துளிர்க்காதுண்ணே."

"துளிர்த்திருக்கு."

"பார்த்தேன். கொஞ்ச நாள் தண்ணி ஊத்தாம விடுங்க. நின்னுடும்."

சஞ்சயன் சிரித்தார். "இவ்வளவு காலமும் ஒரு சொட்டு விடேல்லைத் தம்பி. பலகைக்கு அபிஷேகம் இல்லை. முன்னால கண்ணாடியை வச்சு, அதில தெரியிற அம்மனுக்குத்தான் பால், இளநீர் எல்லாம். குடிச்சது கண்ணாடி."

முகுந்த் யோசித்தான். "அப்ப எனக்குத் தெரியல," என்றான்.

கார்த்திகை விளக்கீட்டுக்குள் ஒரு கிளை வந்தது. தைப்பொங்கலன்று அது குழல்விளக்கைத் தொட்டது. வேர், பீடத்து அட்டைப்பெட்டிகளுக்குள் இறங்கி, தரை விரிப்பைக் கிழித்து, காங்கிரீட்டையும் பிளந்து கீழே போயிற்று. நகரத்துக்கு அடியில் குழாயில் மூடிவிட்ட லுட்டர் ஓடை ஓடுகிறது; அதைத் தேடிப் போயிருக்கும் என்றார்கள். மரம் பருத்தபோது பட்டையில் இருந்த படமும் அகலமானது. பாலஸ்தாபனத்தில் மெலிந்த சிறுமியாக இருந்த அம்மனுக்குக் கன்னம் வைத்தது, தோள் நிறைந்தது. சித்திரை வருடப் பிறப்பில் அவள் நடுவயதுப் பெண்ணாக இருந்தாள். இதைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சில்லை. விழும் இலையை யார் கூட்டுவது என்பதில்தான் சச்சரவு வந்தது. கடைசியில் முறை வைத்துக் கூட்டினார்கள்.

பேச்சு வேறு இடத்தில் இருந்தது. சஞ்சயனின் மகன் யதுசன் இந்த ஊரிலேயே பிறந்தவன், வரி ஆலோசகன். தன் வயதுக்காரரைச் சேர்த்துக்கொண்டு, நெடுஞ்சாலைப் பக்கம் நிலம் வாங்கிப் புதுக்கோயில் கட்டி முடித்திருந்தான். அதில் கார் நிறுத்த இடம் இருந்தது, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடியது, ஒவ்வொரு சன்னதியிலும் அது யார், ஏன் என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. ஐயர் சொல்லுறது எனக்கே விளங்கேல்லை, என்ர பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது என்பான். விளங்காட்டிலும் வந்தனாங்கள்தானே என்பார் சஞ்சயன். நீங்கள் கொண்டு வந்தனியள் அப்பா. வந்தது வேற, கொண்டு வாறது வேற. எங்களுக்குக் கொண்டுவர ஒண்டுமில்லை, இருக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும், என்பான் மகன். மாமல்லபுரத்தில் செதுக்கிய கருங்கல் அம்மன் ஹம்பர்க் துறைமுகத்தில் வந்து இறங்கினாள். இனிச் செய்ய வேண்டியது, பலகையில் இருக்கும் சக்தியைக் கும்பத்து நீரில் எடுத்துக் கல்லில் சேர்ப்பது. அதன்பின் பலகைக்கு வேலையில்லை. தற்காலிகம் முடிந்துவிடும்.

வைகாசியில் நல்ல நாள் பார்த்து மரத்துக்கும் கும்பத்துக்கும் தர்ப்பைக் கயிறு கட்டி, குருக்கள் கும்பத்துக்குள் சக்தியை இறக்கினார். மாவிலையும் தேங்காயும் வைத்து மூடி, யதுசனின் காரில், இருக்கைப் பட்டியும் போட்டு, புதுக்கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். திறந்தபோது கும்பத்தில் நீர் இல்லை. சிந்தவில்லை, இருக்கை நனையவில்லை. உட்புறம் வெயிலில் காயவைத்த பாத்திரம்போல் இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை குருக்கள் கும்பத்தின் பக்கத்திலேயே அமர்ந்து பார்த்தார். கயிறு வழியாக நீர் மரத்துக்குப் போனது. குழந்தை குழல் போட்டுக் குளிர்பானம் உறிஞ்சுவதுபோல, கடைசிச் சொட்டில் ஒரு சத்தமும் வந்தது. அவர் எழுந்து, "அவ வரமாட்டா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கல் கல்லாகவே இருந்தது. புதுக்கோயிலுக்கு வந்த குழந்தைகள் அதன் கையில் தங்கள் ஜாக்கெட்டுகளை மாட்டினார்கள். பெற்றோருக்குத் திட்டத் தோன்றவில்லை.

ஆனால் பழைய கூடத்தின் உரிமையாளர் இடத்தை விற்றுவிட்டார். கோடை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இடித்துவிட்டுப் பொதிக் கிடங்கு கட்டப் போகிறார்கள். நிர்வாக சபை கூடியது. அடியில் அறுத்து, படம் உள்ள தண்டை மட்டும் புதுக்கோயிலில் கொண்டுபோய் நிறுத்துவது என்று தீர்மானம். யார் அறுப்பது என்பதற்குத் தீர்மானம் இல்லை. சஞ்சயன் தன்னால் ஏலாது என்றார். விளக்கேற்றும் கையால் ரம்பம் பிடிப்பதா என்றார் குருக்கள். மரம் வெட்டும் ஜெர்மன்காரர் ஒருவரை அழைத்தார்கள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, அனுமதி இல்லாமல் தொடமாட்டேன் என்றார். யதுசன் இந்த ஊர்ப் பிள்ளை. அன்றைக்கே நகராட்சிக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை எழுதிப் போட்டான். அப்பன் பல்லைக் கடித்தார். கேட்டால்தான் இல்லை என்பார்கள், கேட்காமல் செய்துவிட்டுப் போயிருக்கலாம் என்பது அவருடைய தலைமுறையின் அனுபவம்.

ஆகவே அதிகாரிகள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று சஞ்சயன் செருப்பு அடுக்கும் இடத்துக்கு வந்தார். இந்தமுறை குந்தவில்லை, நின்றார்.

"தம்பி, பிழையா எடுக்காதேங்கோ. நீங்கள் துடக்கில நிக்கிறியள். உங்களுக்கு இதால புதுசா வர ஒரு பாவமும் இல்லை."

"அறுக்கணுமா?"

"ஓம்."

"சரி."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சா செய்யமாட்டேன்ணே. சனிக்கிழமை வர்றேன்."

சனிக்கிழமை பிற்பகல் முகுந்த் மின்ரம்பத்தோடு வந்தான். செருப்பு அடுக்கும் இடத்தைத் தாண்டி முதல்முறையாக உள்ளே போனான். திரைச்சீலையை விலக்கினான். அம்மனை முழுதாக அன்றுதான் பார்த்தான். நிவேதிதா ஒவ்வொரு வெள்ளியும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த முகம் இது இல்லை; அப்போது அவள் சின்னவளாக இருந்திருப்பாள். குருக்கள் வெளியே போய்க் கார் கழுவும் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சஞ்சயன் மட்டும் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி. முகுந்த் பட்டுத்துணியை எடுத்து மடித்துவைத்தான். எங்கே அறுப்பது என்று பார்க்கத் தரையோடு தரையாகப் படுத்து, விளக்கை உள்ளே அடித்தான்.

அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. வேர்கள் அவற்றைத் துளைத்து, சுற்றி, நசுக்கி, ஒன்றாக்கி வைத்திருந்தன. மேலே கறுப்பு மையில் எழுதியிருந்தது. அவன் கையெழுத்து. சென்னை, கண்ணாடி, கவனம். அடுத்தது மைக்ரோவேவ் வந்த பெட்டி. அடுத்தது தொலைக்காட்சி. சென்னை என்று எழுதிய இடத்தில் கை மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் உள்ளே போயிருந்தது.

"அண்ணே, இந்தப் பெட்டிங்க?"

"எந்தப் பெட்டி?" சஞ்சயன் திரும்பாமலே சொன்னார். "அது உங்கட பெட்டியள்தானே. நிவி பிள்ளை கொண்டுவந்து தந்தவ. வெள்ளிக்கு வெள்ளி ஒண்டு. பீடத்துக்கு நல்ல உறுதியான பெட்டியாத் தேடிக்கொண்டு இருந்தனாங்கள். நீங்கள்தான் குடுத்துவிட்டதெண்டு சொன்னவ."

"நானா?"

"ஓம். அவருக்கு இனித் தேவையில்லையாம், இங்கயே இருக்கப் போறாராம் எண்டு சொல்லிச் சிரிச்சவ. நாங்கள் உங்களுக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை செய்தனாங்களே. அவ சொல்லேல்லையோ?"

 ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் காரின் பின்கதவைத் திறந்து, துணியில் சுற்றித் தட்டையாக ஏதோ எடுத்துப்போனது முகுந்துக்கு நினைவுக்கு வந்தது. பழைய துணி என்று சொல்லியிருந்தாள். அவன் கைப்பேசியில் சென்னை வீட்டு விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னிருக்கையில் அவன் ஊருக்குப் போகக் கணக்குப் போட, பின்னால் அவள் அவன் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சாமிக்குக் கொடுத்து முடித்திருக்கிறாள். அவன் தரையில் கிடந்தபடி சிரித்தான். சிரிப்பு என்றுதான் சஞ்சயன் முதலில் நினைத்தார். பிறகு திரும்பிப் பார்த்து, பக்கத்தில் வந்து, துடக்கைப் பொருட்படுத்தாமல் அவன் முதுகில் கை வைத்தார். அது நெடுநேரம் நடந்தது. அத்தி இலை ஒன்று விழுந்தது. அதைக் கூட்ட வேண்டிய முறை அன்று சஞ்சயனுடையது.

"இது வராதுண்ணே," என்றான் எழுந்து உட்கார்ந்து.

"ரம்பத்துக்கு ஏலாதோ?"

"ரம்பத்துக்கு முடியும்."

வீட்டுக்குப் போய், பதினெட்டு மாதத்தில் முதல்முறையாக நிலவறையைத் திறந்தான். காலியாக இருந்தது. மூலையில் மிக்ஸி வந்த பெட்டி ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுபோக அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போதாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை நகராட்சியின் பசுமைப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. மெலனி என்ற பெண். பெற்றோர் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர். அவள் மரவியல் படித்தவள். வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே, "நான் வேதக்காரி. உள்ளுக்கை வரலாமோ?" என்று கேட்டாள்.

"துடக்குக்காரரே வந்திட்டார். நீங்கள் வாங்கோ பிள்ளை," என்றார் சஞ்சயன்.

மெலனி மரத்தைச் சுற்றி வந்தாள். கூரையைப் பார்த்தாள். இலையைக் கசக்கி முகர்ந்தாள். இந்த மரம் இந்தக் குளிரில் வளராது என்றும், கட்டடத்துக்குள் அறவே வளராது என்றும், பலகையிலிருந்து எக்காலத்திலும் வளராது என்றும் தன் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு, அளவுநாடாவை எடுத்தாள். தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும் என்பது விதி. நாடா அம்மனின் இடுப்பில் வந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று மெல்லச் சொல்லிவிட்டு அளந்தாள்.

"வெட்ட அனுமதி இல்லை. பாதுகாக்கப்பட்ட மரம். கட்டடத்தை இடிக்கவும் ஏலாது, வேர் நிக்கிற இடத்தில அத்திவாரம் போடவும் ஏலாது."

"மரம் உள்ளுக்கையெல்லோ நிக்குது?" என்றான் யதுசன். விதி தெரிந்தவன்.

"சட்டத்தில உள்ளுக்கை, வெளியில எண்டு ஒண்டும் இல்லை. மரம் எண்டு மட்டும்தான் இருக்கு. நீங்கள் அன்ட்ராக் போட்டிருக்காட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

சஞ்சயன் மகனைப் பார்த்தார். பிறகு மெலனியைப் பார்த்தார். "எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை? எப்ப புதுப்பிக்க வேணும்?"

"புதுப்பிக்கத் தேவையில்லை அங்கிள். மரம் சாகுமட்டும்."

"நிரந்தரமோ?"

"ஓம். நிரந்தரம்."

அவள் எண் பொறித்த ஒரு சிறு தகட்டை மரத்தில் அடித்துவிட்டுப் போனாள். முப்பத்துநான்கு வருடத்தில் அம்மனுக்குக் கிடைத்த முதல் காகிதம் அதுதான். சஞ்சயன் கைக்குட்டையால் தகட்டைத் துடைத்தார். அதில் தூசி இல்லை.

முகுந்த் அன்று மாலை சென்னைக்குப் பேசினான். நிவேதிதாவை இங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்றான். 

"காவேரி இல்லாம எப்படிப்பா? அவ அப்பா கேட்டா நான் என்ன சொல்ல? யார் எடுத்த முடிவு இது?"

"அவ எடுத்ததும்மா. பெட்டியெல்லாம் கோயிலுக்குக் குடுத்துட்டா."

"எந்தப் பெட்டி?"

அவன் சொன்னான். நீளமாகப் பேசிப் பழக்கமில்லாததால் நடுவில் இரண்டு முறை நிறுத்தினான்.

"அப்படித்தான் செய்வா," என்றார் வேதவல்லி.  "கல்யாணத்துக்கு வந்த சாமானோட அட்டையெல்லாம் மறுநாளே பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டா. மாத்தணும்னா என்னடி பண்றதுன்னு கேட்டேன். நான் எதையும் மாத்தப் போறதில்லன்னா." பிறகு கேட்டார். "அங்க தண்ணி எங்கயாவது ஓடுதாப்பா?"

"ஊருக்கு அடியில ஒரு ஓடை ஓடுதும்மா."

"அப்ப சரி."

அடக்கம் கல்லறைத் தோட்டத்தில், பிர்ச் மரங்களுக்குப் பக்கத்தில் நடந்தது. யூலியா கலசத்தை மடியில் வைத்துத் தானே காரோட்டி வரமுடியாது என்பதால், முகுந்த் ஓட்ட, அவள் பின்னிருக்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். குருக்கள் தர்ப்பை மோதிரம் போட்டுவிட்டார். கிரியை தொடங்கும்போது எந்த நாட்டில், எந்த ஊரில், எந்த நதிக்கரையில் நின்று செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். முப்பது வருடமாகக் குருக்கள் அந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக் கோயிலின் பெயரைத்தான் சொல்லிவந்தார். நாங்கள் இருக்கிறது தற்காலிகமாகத்தானே என்ற நினைப்பு. அன்று அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சமஸ்கிருதத்துக்கு நடுவே, வேற்றுமை உருபெல்லாம் சேர்த்து, பீலெஃபெல்ட் என்றார். லுட்டர் நதியின் தென்கரை என்றார். ஒன்றும் ஆகவில்லை. காற்று அதே வேகத்தில் அடித்தது. முகுந்த் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் செருப்பைக் கழற்றி அடுக்கிவிட்டு எல்லோரையும்போல உள்ளே போனான். நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

பொதிக் கிடங்குக்காரர்கள் வேறு நிலம் பார்த்துக்கொண்டார்கள். பயன்படாத இடத்தைக் கோயில் சங்கம் வாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில் மரம் கூரையைத் தள்ளியபோது முகுந்த் கணக்குப் போட்டுக் கூரையை வட்டமாகத் திறந்து கொடுத்தான். பனி பெய்தால் மரத்தைச் சுற்றி மட்டும் விழுவதில்லை. தண்டோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. கார் கழுவும் நிலையக்காரர் பழத்தில் ஜாம் செய்து போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார், பூசையில் வைத்தார்கள். பல வருடம் போய்க் குருக்களுக்கு மூட்டுவலி வந்தபின், இப்போது யதுசனின் மகள் பூசை செய்கிறாள். சங்கற்பத்தில் ஊர்ப் பெயரை அவள் தயங்காமல் சொல்கிறாள், அவள் கேட்டு வளர்ந்தது அதைத்தான். பிள்ளைகள் வருகிறார்கள். கூட்டுகிற முறையை விட்டுக்கொடுப்பதில்லை. புதுக்கோயிலில் கல்யாணமும் தமிழ் வகுப்பும் நடக்கின்றன. கருங்கல் அம்மன் அங்கே காத்திருக்கிறாள். மரம் எப்போதாவது பட்டுப்போனால் அதிலிருந்து கல்லுக்கு மாறலாம் என்று சபைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அதுவரை கல்தான் தற்காலிகம்.

முகுந்த் சோபா வாங்கினான். கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே பேருந்தில் கால்மணி நேரம். அந்தத் தூரத்தைக் கடக்க வேருக்கு மூன்று வருடம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை தோட்டக்காரர் அவனை அழைத்து, உங்கள் மனைவியின் இடத்தில் பட்டியலில் இல்லாத செடி ஒன்று முளைத்திருக்கிறது, கிள்ளினால் பால் வருகிறது, நீங்கள் நட்டதா என்று கேட்டார். இல்லை என்றான். போய்ப் பார்த்தான். இரண்டு இலைகள். எடுத்துவிடவா என்றார் தோட்டக்காரர். இருக்கட்டும், என்றான் முகுந்த். எவ்வளவு காலம் இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. புல் ஈரமாக இருந்தது. அவன் கையோடு கொண்டுவந்திருந்த மிக்ஸிப் பெட்டியைப் பிரித்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.